சாவி வரும் வரை

1991-ஆம் ஆண்டு நான் ஒரு தாலுகா ஊரின் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே நடந்தது அந்த நாட்களில் எந்த ஊர் நீதிமன்றத்திலும் நடந்திருக்கக்கூடியதுதான்.

மிதிவண்டி திருடியதாகப் பிடிபட்ட ஒருவரைக் கிளைச் சிறையிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். முப்பது வயதிருக்கும். கட்டம் போட்ட கைலி, மேல் பொத்தான் போன சட்டை, இரண்டு கைகளையும் சேர்த்துப் பூட்டிய விலங்கு. அன்று அவருக்குக் குற்றப்பத்திரிகையின் நகலைக் கொடுக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குவது என் வேலை. பேனாவை நீட்டினேன். அவர் வலது கையை நீட்டினார், இடது கையும் கூடவே வந்தது. என்னைக் கும்பிடுவது போல இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு நகல் கட்டை வாங்கியபோது கைலியின் முடிச்சு நெகிழ்ந்துவிட்டது. தாள்களைக் கீழே போட்டால் நடுவர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் ஒரு பக்கம், கைலி இறங்கிவிடும் என்ற பயம் மறுபக்கம். முழங்கைகள் இரண்டையும் இடுப்போடு ஒட்டி அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றார்.

வாய்தாவுக்கு வந்திருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நடுவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். நான் பேனாவைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். வாசலில் நின்று வழக்குக்காரர்களைக் கூப்பிடும் பணியாளரான எங்கள் டவாலி மட்டும் நேராக வந்து, கைலியைப் பிடித்து, தன் இடுப்பில் கட்டிக்கொள்வது போலவே இழுத்துச் சுற்றி இறுக்கிச் செருகிவிட்டார். பிறகு வாசலுக்குப் போய் அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட்டார். மிதிவண்டிக்காரருக்கு மேலும் 15 நாள் காவல் நீட்டிப்பு ஆனது.

அதே வாரத்தில் இன்னொருவர் வந்தார். சீட்டுப் பண மோசடி. அவர் மேல் சொல்லப்பட்ட தொகைக்கு ஆயிரம் மிதிவண்டிகள் வாங்கலாம். வெளுத்த வேட்டி, கையில் கைக்குட்டை. அவரும் காவலில்தான் இருந்தார், அவருடனும் இரண்டு காவலர்கள் வந்தார்கள். கைகள் மட்டும் சும்மா இருந்தன. வழக்கறிஞர்கள் அமரும் பெஞ்சில் ஓரமாக உட்கார வைத்தார்கள். அதை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

நம் பேச்சில் மானம் என்றொரு சொல் இருக்கிறது. மானம் போய்விட்டது என்கிறோம், மானத்தை வாங்கிவிட்டான் என்கிறோம், மானத்தை மறைக்க ஒரு முழத் துணி என்கிறோம். எல்லா வழக்கிலும் அது போகக்கூடிய பொருள், பிறர் வாங்கக்கூடிய பொருள். நல்ல பேர் உள்ளவனிடம் நிறைய இருக்கும், திருடனிடம் இருக்காது. 'திருடனுக்கு என்ன மானம்' என்று யாராவது கேட்டால் நம்மில் பலருக்கு அது நியாயமான கேள்வியாகவே படும். மிதிவண்டிக்காரரைப் பார்த்துச் சிரித்த இருவரும் கெட்டவர்கள் அல்லர். அவரிடம் போவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்திருப்பார்கள்.

நீதிமன்றங்கள் மனித கண்ணியம் என்று சொல்வது இந்த மானத்தை அன்று. இதை எனக்கு உணர்த்தியது ஒரு தீர்ப்பு. பிரேம் சங்கர் சுக்லா எதிர் டெல்லி நிர்வாகம், உச்ச நீதிமன்றம், 1980 ஏப்ரல் 29. நீதிபதி அறையின் அலமாரியில் இருந்த சட்ட இதழ்த் தொகுப்பில் அதைப் படித்தேன். எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர். அவருடைய ஆங்கிலம் கடினமானது, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க முடிந்தது. மூன்று மதிய உணவு இடைவேளைகள் ஆயின. மூன்றாவது நாள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

அந்த வழக்கு ஒரு தந்தியில் தொடங்கியது. திகார் சிறையில் இருந்த விசாரணைக் கைதி ஒருவர், நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் தன் கைகளில் விலங்கு பூட்டுகிறார்கள், நீதிமன்றம் வேண்டாம் என்று சொல்லியும் பூட்டுகிறார்கள் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குத் தந்தி அடித்தார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். இன்று தந்தியே இல்லை, 2013-இல் நிறுத்திவிட்டார்கள். ஒரு கைதியின் சில வரிகள் நாட்டின் உச்ச நீதிமன்றத்தை அசைத்தன என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

காவல்துறை தரப்பு தன் பக்கத்துக்குக் காட்டியது 1934-ஆம் ஆண்டின் பஞ்சாப் காவல் விதிகளை. அந்த விதிகள் விசாரணைக் கைதிகளை இரண்டாகப் பிரித்தன. சமூக அந்தஸ்து, படிப்பு, வாழ்ந்து பழகிய முறை இவற்றால் உயர்ந்தவர்கள் 'மேல் வகுப்பு'க் கைதிகள். மற்றவர்கள் சாதாரணக் கைதிகள். மேல் வகுப்புக்காரருக்கு விலங்கு பூட்டுவதற்குத் தனிக் காரணம் வேண்டும். சாதாரணக் கைதிக்கு விலங்குதான் வழக்கம். வெள்ளைக்காரன் போட்ட விதி, குடியரசாகி முப்பது ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தது. இதைப் படித்தபோதுதான் சீட்டுப் பணக்காரரின் கைக்குட்டை எனக்கு நினைவு வந்தது. எங்கள் நீதிமன்றத்தில் யாரும் பஞ்சாப் விதிகளைப் படித்ததில்லை. படிக்காமலேயே அதன்படி நடந்துகொண்டிருந்தோம்.

அந்தப் பாகுபாட்டை நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. பணக்காரனிடம் இருக்கும் கண்ணியமேதான் ஏழையிடமும் இருக்கிறது, தப்பி ஓடுவதற்கும் அந்தஸ்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது அதன் சாரம். கைவிலங்கு மேலோட்டப் பார்வையிலேயே மனிதத்தன்மையற்றது, ஆகவே நியாயமற்றது என்றார் கிருஷ்ண ஐயர். ஒரு மனிதனைக் கட்டி, இரும்பு வளையம் மாட்டி, தெருவில் நடத்தி, நீதிமன்றத்தில் மணிக்கணக்கில் நிற்க வைப்பது அவனைச் சித்திரவதை செய்வது மட்டுமில்லை, சமூகத்தையே கொச்சைப்படுத்துவது என்று எழுதினார். அந்த இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டேன். அரசாங்கச் சொத்தில் கோடு போட்டது என் முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் அந்த ஒரு முறைதான்.

இவ்வளவு வேகத்தோடு எழுத அவருக்குத் தன் வாழ்க்கையிலேயே காரணம் இருந்தது. பாலக்காட்டில் தமிழ் பேசும் குடும்பத்தில் 1915-இல் பிறந்தவர். வக்கீலாக இருந்தபோது, கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948-இல் ஏறக்குறைய ஒரு மாதம் சிறையில் வைக்கப்பட்டார். 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் அமைச்சரானபோது அவர் பொறுப்பில் இருந்த துறைகளில் சிறைத்துறையும் ஒன்று. உள்ளே இருந்தும் பார்த்தவர், மேலே இருந்தும் பார்த்தவர். பிறகு தீர்ப்பு எழுதினார்.

ஆனால் என் மனத்தில் தைத்தது அந்த ஆவேசமான வரிகளுக்குப் பின்னால் வரும் சாதாரணமான பகுதி. எழுத்தர் வேலை பார்க்கிறவன் அங்கேதான் நிற்பான். கைதி தப்பிவிடுவார் என்று நம்ப உறுதியான காரணம் இருந்து, வேறு வழியே இல்லாமல் விலங்கு பூட்ட நேர்ந்தால், வழிக்காவல் அதிகாரி அந்தக் காரணத்தை அப்போதே எழுத்தில் பதிய வேண்டும். பதிந்ததை நீதிபதியிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். குற்றம் கொடியது என்பது மட்டும் காரணமாகாது. காவலர்களின் வசதியும் காரணமாகாது. ஆள் போதவில்லை என்றால் கூடுதல் ஆளை அனுப்பு, பாதுகாப்பான வண்டியில் அழைத்து வா.

கண்ணியம் என்றால் என்ன என்று அந்தத் தீர்ப்பு ஓர் இடத்திலும் இலக்கணம் சொல்லவில்லை. ஒரு தாள் கேட்டது. கட்டுகிறவன் காரணம் சொல்ல வேண்டும், கட்டப்படுகிறவன் 'ஏன் கட்டக் கூடாது' என்று விளக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கை இப்படி மாற்றிப் போட்டதுதான் கண்ணியத்தை உரிமை ஆக்கியது என்று நான் நினைக்கிறேன். அதற்கு முன் அது டவாலியின் இரக்கமாக இருந்தது. இரக்கம் பெரிய விஷயம்தான், ஆனால் அன்று டவாலி விடுப்பில் இருந்திருந்தால்?

அந்த அமர்வில் இருந்த மூவரில் நீதிபதி ஆர்.எஸ். பதக் தனியாக எழுதினார். முடிவில் உடன்பட்டாலும், காவலில் வைத்திருப்பவரின் மதிப்பீட்டுக்குச் சற்று இடம் விட்டார். அவர் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதே தயக்கத்தை என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். என் மனைவியின் தம்பி ஆயுதப்படையில் காவலர். ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது இந்தத் தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன்.

"மாமா, நீங்கள் ஒரு நாள் வழிக்காவலுக்கு வந்து பாருங்கள்" என்றான். "அரசு பஸ்ஸில், கூட்டத்தில், நாங்கள் இரண்டு பேர். விலங்கு இல்லையென்றால் அவன் விரல்களை என் விரல்களோடு கோத்துப் பிடித்துக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும். அவனுக்கு ஒன்றுக்கு வந்தாலும் நான்தான் கூடப் போக வேண்டும், எனக்கு வந்தாலும் அவன்தான் கூட வர வேண்டும். கண் அசந்தால் ஓடிவிடுவான். அவன் ஓடினால் மறுநாள் எனக்கு சஸ்பென்ஷன். என் கண்ணியத்தை எந்த நீதிபதி எழுதினார்?"

பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்வேன். அவனுடைய கேள்விக்கான பதிலும் அந்தத் தீர்ப்பிலேயே இருந்தது: ஆட்களைக் கூட்டு, வண்டி கொடு. அதைச் செய்ய வேண்டியது அரசு. செய்யாமல் விட்டதால் காவலரின் பயம் முழுவதும் கைதியின் மணிக்கட்டில் போய் இறங்கியது. இருவரையும் ஒரே சங்கிலியில் கட்டியது பணப் பற்றாக்குறை. கண்ணியத்துக்குச் செலவு உண்டு, அந்தச் செலவை யார் தலையில் வைப்பது என்பதுதான் நீதிமன்றங்களின் முன் வரும் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டே, 1981-இல், பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கு வந்தது. திகாரில் தடுப்புக் காவலில் இருந்த ஒரு பிரிட்டிஷ் பெண், தன் ஐந்து வயது மகளை மாதத்தில் ஒரு முறைதான் பார்க்க முடிந்தது. அரசமைப்பின் 21-ஆம் உறுப்பு உயிர், தனிமனிதச் சுதந்திரம் என்று மட்டும்தான் சொல்கிறது, கண்ணியம் என்ற சொல் அதில் இல்லை. முகவுரையில் 'தனிமனிதரின் கண்ணியம்' வருகிறது, அவ்வளவுதான். நீதிபதி பி.என். பகவதி, உயிர் வாழ்வது என்பது மிருகம்போல் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது ஆகாது, மனித கண்ணியத்தோடு வாழ்வது என்றார். உணவு, உடை, தலைக்கு மேல் கூரை, படிப்பது, எழுதுவது, நாலு பேரோடு கலந்து பழகுவது எல்லாம் அதற்குள் வந்தன. மாதம் ஒரு முறைதான் என்ற விதி விழுந்தது. பின்னால் வந்த எத்தனையோ வழக்குகள் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறின.

வெளிநாட்டுத் தீர்ப்புகளை நான் அதிகம் படித்தவனில்லை. ஓய்வுக்குப் பிறகு படித்ததில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெல்ஜியத்தில் ஒரு காவல் நிலையத்தில் சகோதரர்கள் இருவருக்கு, வெவ்வேறு நாட்களில், காவலர்களிடமிருந்து ஆளுக்கு ஓர் அறை விழுந்தது. ஒருவருக்கு வயது 17. ஓர் அறைதான். 2013-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் சிறு அமர்வு, வருத்தத்துக்குரியதுதான், ஆனால் மனித உரிமை மீறல் என்னும் அளவுக்குக் கடுமை இல்லை என்றது, ஒருமனதாக. 2015-இல் 17 நீதிபதிகள் கொண்ட பேரமர்வு 14-க்கு 3 என்ற கணக்கில் அதை மாற்றியது. முகம்தான் ஒருவரை அவர் என்று காட்டுவது, பார்ப்பதும் பேசுவதும் கேட்பதும் அங்கிருந்துதான், காவலில் இருப்பவரின் கன்னத்தில் விழும் அறை காயம் உண்டாக்காவிட்டாலும் கண்ணியத்தைத் தாக்குகிறது என்றது. நம் ஊர்க் காவல் நிலையங்களில் அறையை ஒரு கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். 'அடிக்கவில்லை ஐயா, இரண்டு தட்டு தட்டினோம்' என்பார்கள். இரண்டு தட்டுக்காகப் பதினேழு நீதிபதிகள் உட்கார்ந்து யோசித்தார்கள் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஒரு கேள்வியை நான் ஒதுக்கிவிட்டுப் போக விரும்பவில்லை. மிதிவண்டியைப் பறிகொடுத்தவர் ஒரு பால்காரர். அவரும் அன்று நீதிமன்றத்தில் இருந்தார். மிதிவண்டி போனதால் ஒரு மாதம் தலையில் சுமந்து பால் ஊற்றியிருக்கிறார். திருடனுக்காக இவ்வளவு பேசுகிறாயே, எனக்காக என்ன பேசினாய் என்று அவர் கேட்டால்? அவருக்கு நாங்கள் செய்யத் தவறியது நிறைய. வழக்கை இழுத்தோம், மீட்ட மிதிவண்டியைச் சொத்து அறையில் துருப்பிடிக்க விட்டோம். அந்தக் கடன் எதையும் எதிரியின் கைலி அவிழ்ந்ததால் அடைக்க முடியவில்லை. (நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்றுதான் பெயர். வழக்குக் கட்டின் மேல் ஆயிரக்கணக்கான முறை எழுதியிருக்கிறேன். ஒரு முறையாவது அந்தச் சொல்லில் கை தயங்கியிருக்க வேண்டும்.)

1995-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் பேச வேண்டி வந்தது. அசாமில் மருத்துவமனையில் இருந்த, பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் கைதான ஏழு பேரை விலங்கிட்டு, கயிற்றாலும் கட்டியிருப்பதைப் பார்த்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கடிதம் எழுதினார். நோயாளியைக் கட்டிலோடு கட்டுகிற நாடா இது என்ற கோபம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நடுவரின் முன் உத்தரவு இல்லாமல் எந்தக் கைதிக்கும் விலங்கு கூடாது, மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, 1994-இல், மத்தியப் பிரதேசத்தில் சங்கம் வைத்துப் போராடிய பழங்குடி மக்களை விலங்கோடு நடுவர் முன் நிறுத்திய வழக்கில், பூட்டிய காவலர்களைக் கண்டித்ததோடு, பார்த்துக்கொண்டிருந்த நடுவரையும் கண்டித்தார்கள். தலை நிமிராமல் எழுதுவதும் குற்றம்தான் என்று அதை நான் வாசித்தேன். நடுவருக்குக் கீழே உட்கார்ந்திருந்த எனக்கும் சேர்த்துத்தான் அது எழுதப்பட்டிருந்தது.

இப்போது 2024 ஜூலை 1 முதல் புதிய நடைமுறைச் சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, நடப்புக்கு வந்திருக்கிறது. அதன் 43-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு, கைது செய்யும்போதும் நீதிமன்றத்துக்கு அழைத்து வரும்போதும் கைவிலங்கு பூட்டலாம் என்கிறது. பழக்கக் குற்றவாளி, காவலிலிருந்து தப்பியவர், கொலை, பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு, போதைப்பொருள் என்று ஒரு பட்டியல் போகிறது. பட்டியலைப் படிக்கிறவருக்கு, இவர்களுக்குப் பூட்டினால் என்ன என்றுதான் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் 1980-இல் நீதிமன்றம் சொன்னது என்ன? எந்தக் குற்றம் என்று பார்க்காதே, இந்த மனிதர் தப்புவாரா என்று பார். புதிய பிரிவோ குற்றத்தின் தன்மையையும் கடுமையையும் முன்னால் வைக்கிறது. அதைவிட எனக்கு உறுத்துவது, இன்ன குற்றத்தைச் 'செய்த' நபர் என்றே அது எழுதப்பட்டிருப்பது. கைதாகிறவர் இன்னும் எதையும் செய்தவராக ஆகவில்லை, செய்தார் என்று சொல்லப்படுகிறார். இந்த ஒரு சொல்லை ஒரு பெஞ்ச் கிளார்க் கவனிக்காமல் விட்டால் வழக்குக் கட்டே திரும்பி வரும். தப்பிக்காமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் யாரையும் கட்டக் கூடாது என்ற பழைய விதி புதிய சட்டத்திலும் 46-ஆம் பிரிவாக இருக்கிறது. 21-ஆம் உறுப்பும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஏதாவதொரு நடுவர் அவற்றைச் சேர்த்துப் படித்து, தாளைக் கேட்க வேண்டும்.

கேட்க முடியும் என்பதை நான் ஒரு முறை கண்டிருக்கிறேன். 2002-இல் பெஞ்ச் கிளார்க் ஆனேன். காவல் நீட்டிப்புத் தாள்களை நடுவர் முன் அடுக்கி வைப்பது என் பொறுப்பு. விலங்கோடு யாராவது வந்தால், மேல் தாளில் ஒரு சிறு துண்டுச் சீட்டைக் குத்தி வைக்க ஆரம்பித்தேன். 'கைவிலங்கு. காரணப் பதிவு இல்லை.' இவ்வளவுதான் எழுதுவேன். முதலில் இருந்த நடுவர் சீட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். ஒருபோதும் என்னைத் திட்டியதில்லை, ஒருபோதும் கேட்டதுமில்லை. இரண்டு ஆண்டுகள் அப்படிப் போயின.

2004-இல் புதிதாக ஒரு பெண் நடுவர் வந்தார். மூன்றாவதோ நான்காவதோ நாள். கோழி திருடிய வழக்கு என்று நினைக்கிறேன், பித்தளைக் குடமாகவும் இருக்கலாம். கூண்டில் ஓர் இளைஞன், கைகள் பூட்டப்பட்டிருந்தன. சீட்டைப் படித்தார். தலையை நிமிர்த்தினார்.

"காரணம் எங்கே எழுதியிருக்கிறீர்கள்?"

தலைமைக் காவலருக்குக் கேள்வி புரியவில்லை. பாதுகாப்புக்காக அம்மா என்றார். யாருடைய பாதுகாப்பு என்று அவர் கேட்டார். தலைமைக் காவலர் என்னைப் பார்த்தார், நான் மேசையைப் பார்த்தேன்.

"கழற்றுங்கள்."

சாவி அவரிடம் இல்லை. கூட வந்த காவலர் வைத்திருந்தார். அவர் எதிரே கடையில் தேநீர் குடிக்கப் போயிருந்தார். நடுவர் பேனாவை மூடி வைத்தார். அடுத்த வழக்கை எடுக்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். வேண்டாம் என்றார்.

அரசு வழக்கறிஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வழக்குக்காக வெளியூரிலிருந்து காரில் வந்திருந்த மூத்த வக்கீல், கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த இளைஞன் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தன்னால் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும், கைகளைக் கூண்டின் கட்டைக்குக் கீழே மறைத்துக்கொண்டான். டவாலி, அதே டவாலி, தலை நரைத்திருந்தார், வாசலுக்கு வெளியே போய் இடுப்பில் கைவைத்துத் தெருவைப் பார்த்து நின்றார். வழக்குக்காரரைக் கூப்பிடும் அதே குரலில் மூன்று முறை அந்தக் காவலரின் பெயரைக் கூப்பிட்டார்.

பத்து நிமிடமாவது ஆகியிருக்கும்.